கையைப் பார்க்காதீர்கள், கைவேலையைப் பாருங்கள்!

('மென்பொருள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது திறமையைக் காட்டுவது சான்றிதழே! நேர்காணல் பேச்சே! செய்து காட்டும் வேலையே!' என்ற பட்டிமன்றத்தில், 'செய்து காட்டும் வேலையே' என்ற அணியில் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் இரண்டு அணி நண்பர்களே! சாரலில் நனைந்துகொண்டே உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு நேரே இங்கே வந்து நிற்கும் அண்ணாச்சிமார்களே! (சிரிப்பு)

நான் தென்காசிக்காரி. இருபது வருஷத்துக்கு மேலாக கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கிறேன். இண்டர்வியூ மேசைக்கு இந்தப் பக்கம் கைநடுங்க உட்கார்ந்திருக்கேன். அந்தப் பக்கம் காலை ஆட்டிக்கிட்டும் உட்கார்ந்திருக்கேன். (சிரிப்பு) அதனால ரெண்டு பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும்.

முதல்ல பேசின ஐயா, "மார்க் ஷீட் பொய் சொல்லாது" என்றார். அடுத்துப் பேசிய சகோதரி, "அஞ்சு நிமிஷம் பேசினா ஆளை எடை போட்டுடலாம்" என்றார். நடுவர் அவர்களே, இது குற்றாலம். திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடிய இடம். அந்த நூலில் வசந்தவல்லி மனம் வாடி நிற்கிறாள். குறத்தி வருகிறாள். கையைக் காட்டச் சொல்கிறாள். கையைப் பார்த்தே உள்ளத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறாள். அது கவிராயர் கற்பனை, அங்கே பலித்தது. ஆனா நம்ம கம்பெனிகளில் இன்னைக்கு வரைக்கும் நடக்கிறதும் அதேதானே? பையன் உள்ளே வரான். சட்டையைப் பார்க்கிறாங்க, ஷூவைப் பார்க்கிறாங்க, இங்கிலீஷைக் கேட்கிறாங்க. "இவன் தேறுவான், இவன் தேறமாட்டான்"னு குறி சொல்லிடறாங்க. குறத்தியாவது ஒரு படி அரிசியோட போயிடுவா. இவங்க ஒரு குடும்பத்தோட தலையெழுத்தையே எழுதிட்டுப் போறாங்க! (கைதட்டல்)

எங்கள் அணி கேட்பது ஒன்றே ஒன்றுதான். கையைப் பார்க்காதீங்க. கைவேலையைப் பாருங்க.

இது ஒண்ணும் வெளிநாட்டிலிருந்து வந்த புத்தி இல்லை. இங்கிருந்து செங்கோட்டை போற வழியில பார்டர் கடையில பரோட்டா சாப்பிடாதவங்க யாராவது இருக்கீங்களா? (சிரிப்பு) புதுசா ஒரு பரோட்டா மாஸ்டர் வேலை கேட்டு வந்தா முதலாளி என்ன கேட்பார்? "பத்தாவதுல எத்தனை மார்க்?"னா கேட்பார்? "உன்னுடைய பலம் என்ன, பலவீனம் என்ன?"ன்னா கேட்பார்? (பலத்த சிரிப்பு) "தம்பி, அந்த மாவை எடுத்து ஒரு வீச்சு வீசு பார்ப்போம்" என்பார். ஒரே வீச்சு. முடிஞ்சது இண்டர்வியூ! (கைதட்டல்)

நடுவர்: அம்மா, பரோட்டா கல்லுக்கு முன்னால சரி. கம்ப்யூட்டருக்கு முன்னால என்னத்தை வீசச் சொல்றது?

வருகிறேன் ஐயா. அதுக்கு முன்னால கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கு. ஆயிரத்து நூறு வருஷம் பின்னால்!

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர். அங்கே முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்று கி.பி. 919, இன்னொன்று 921. ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்க என்ன தகுதி வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். கல்வி வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால் ஓலையில் பெயரை எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அதுதான் குடவோலை.

"பார்த்தீங்களா, அங்கேயும் சான்றிதழ்தானே?" என்று எதிரணி ஐயா சிரிக்கிறார். கொஞ்சம் பொறுங்க ஐயா. அதே கல்வெட்டில் யாரையெல்லாம் சேர்க்கக் கூடாது என்றும் ஒரு பட்டியல் இருக்கு. அதில் ஒரு விதி, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை என்பது. அவனுடைய நெருங்கின சொந்தக்காரங்களுக்கும் இடமில்லை. நிலம் இருக்கலாம், வீடு இருக்கலாம், கல்வி இருக்கலாம். செய்த வேலை சரியில்லையா? போ வெளியே! செய்த வேலையைப் பார்க்கணும் என்ற அறிவு அன்றைக்கே நம்மிடம் இருந்திருக்கிறது. (கைதட்டல்)

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஒரு அதிகாரமே வைத்தார். ஒருத்தருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே உரைகல் என்றார். அவருடைய சர்டிபிகேட் உரைகல் என்று சொல்லவில்லை.

அப்படியென்றால் இந்தச் சான்றிதழ் மோகம் எங்கிருந்து வந்தது? அதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் பெரிய உத்தியோகம் வேண்டுமென்றால் லண்டனில் இருந்த டைரக்டர்களில் ஒருவர் சிபாரிசு செய்ய வேண்டும். மாமன், மச்சான் சிபாரிசு. அதை மாற்றி 1855-இல் லண்டனில் போட்டித் தேர்வு வைத்தார்கள். சிபாரிசு போய் மார்க் வந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் 1863-இல் முதல் இந்தியராக சத்யேந்திரநாத் தாகூர் தேறினார். நம் சென்னை மாகாணத்தில் 1929-இல் பணித் தேர்வாணையம் வந்தது. இந்தியாவில் ஒரு மாகாணத்துக்கு என்று வந்த முதல் ஆணையம் அதுதான். ஆக, தேர்வும் சான்றிதழும் ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் செய்த நன்மை பெரிது. அதை நான் மறுக்க மாட்டேன். எங்க அப்பா கிளார்க் ஆனதே அப்படி ஒரு பரீட்சை எழுதித்தான்.

ஆனா, ஒரு அளவுகோல் நல்லதாக இருந்தாலும் எல்லாவற்றையும் அதாலேயே அளக்க முடியுமா? படியால துணியை அளக்க முடியுமா? (சிரிப்பு)

அதற்கு நம் தமிழ்நாடே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. கணித மேதை ராமானுஜன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறொன்றிலும் மனசு போகவில்லை. ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை போயிற்று. அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. பரீட்சையில் அங்கேயும் தேறவில்லை. எதிரணி ஐயா சொல்கிறபடி மார்க் ஷீட்டைப் பார்த்தால் இந்தப் பையன் யார்? பெயில்! (சிரிப்பு)

அவர் கையில் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகம். அதைத் தூக்கிக்கொண்டு வேலை கேட்டு அலைந்தார். டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர், அந்த நோட்டைப் பார்த்தார். இவ்வளவு பெரிய மூளையைத் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா நாற்காலியில் உட்கார வைக்க அவருக்கு மனசு வரவில்லை. மேலே அனுப்பினார். அடுத்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். இவரிடம்தான் தாய்மார்களே, ஆள் எடுக்கிறவர்கள் பாடம் கற்க வேண்டும். நோட்டில் இருந்தது அவருக்கு முதலில் பிடிபடவில்லை. "எனக்குப் புரியல, அதனால நீ ஒண்ணும் தெரியாதவன்" என்று சொன்னாரா? இல்லை. தீர்ப்பைத் தள்ளிவைத்து, மறுபடி வரச் சொன்னார். ராமானுஜன் வந்து எளிதான கணக்கிலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றிக் காட்டினார். அப்புறம் ராவே மாதாமாதம் பண உதவி செய்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம். ஹார்டி என்ன சான்றிதழைக் கேட்டார்? கடிதத்தோடு வந்த கணக்குகளை நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்தார். அவ்வளவுதான். 1918-இல் அந்த 'பெயில்' பையன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்! (பலத்த கைதட்டல்)

எல்லாரும் ராமானுஜன் ஆக முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. ஆனா நோட்டைத் திறந்து பார்க்கிற ராமசாமி ஐயராக எல்லாரும் ஆகலாமே!

இப்போ கம்ப்யூட்டருக்கு வருகிறேன் ஐயா. கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதுக்கென்று பட்டமே கிடையாது. அப்போ எப்படி ஆள் எடுத்தாங்க? ரெண்டாம் உலகப் போர் நடக்குது. 1942 ஜனவரி. லண்டனில் டெய்லி டெலிகிராப் பத்திரிகை ஒரு குறுக்கெழுத்துப் போட்டி வைத்தது. பன்னிரண்டு நிமிஷத்தில் முடிக்கணும். நல்லாச் செய்தவர்களில் சில பேருக்குப் பிறகு ரகசியமாகக் கடிதம் வந்தது. ஜெர்மன்காரனுடைய சங்கேதச் செய்தியை உடைக்கிற வேலைக்கு வாங்க என்று! அங்கே விடுகதைக்கும் வேலைக்கும் ஒரு உறவு இருந்தது. வேலையே விடுகதை அவிழ்ப்பதுதானே.

1950-களில் ஐ.பி.எம். கம்பெனி புரோகிராம் எழுத ஆள் எடுக்க ஒரு தனித் தேர்வே வைத்தது. எண் வரிசை, உருவ வரிசை, கணக்கு. அதுக்கப்புறம் இது ஒரு வியாதியாகவே போச்சு. "சாக்கடை மூடி ஏன் வட்டமா இருக்கு?" "ஒரு பஸ்ஸுக்குள்ள எத்தனை டென்னிஸ் பந்து போகும்?" இப்படிக் கேட்டு ஆள் எடுக்க ஆரம்பிச்சாங்க. ஏம்ப்பா, அவன் பஸ்ஸுல பந்து ஏத்தவா வந்திருக்கான்? (பலத்த சிரிப்பு)

நம்ம தெக்கத்திக் கிராமங்களில் இளவட்டக்கல் உண்டு. கல்லைத் தூக்கித் தோளுக்கு மேல போட்டால்தான் ஆம்பளை, பொண்ணு கொடுப்பாங்க. அன்னைக்கு அது சரி. மாப்பிள்ளை மூட்டை தூக்கணும், கமலை இறைக்கணும். இன்னைக்கு மாப்பிள்ளை உட்கார்ந்து வேலை பார்க்கிறான். இன்னமும் கல்லைத் தூக்குன்னா எப்படி? கல்லைத் தூக்கிட்டு இடுப்புப் பிடிச்சுக்கிட்டா யாருக்கு நஷ்டம்? (சிரிப்பு) தேர்வு வேலையைப் போல இருக்கணும். இதுதான் சட்டம். கூகுள் கம்பெனி இந்த மாதிரி விடுகதைகளுக்குப் பேர் போன இடமாக இருந்தது. அங்கே ஆள் எடுக்கும் துறைக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், விடுகதை கேட்டு ஆள் எடுத்தது நேர விரயம் என்று 2013-இல் பேட்டியிலேயே ஒத்துக்கொண்டார். கேட்கிறவருக்குத் தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்ள உதவும், அவ்வளவுதான் என்கிற மாதிரிச் சொன்னார்.

இப்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்லப் போகிறேன். மேடையில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கு.

2008-ஆம் வருஷம். சென்னையில் ஒரு கம்பெனி. ஆள் எடுக்கும் குழுவில் நானும் ஒருத்தி. சுரண்டைப் பக்கத்துப் பையன் ஒருத்தன் வந்தான். நம்ம மாவட்டத்துப் பையன். அப்போ திருநெல்வேலி மாவட்டம், தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில்தானே. நான் இங்கிலீஷில், "உன்னைப் பற்றிச் சொல்லு" என்றேன். பெயரைச் சொன்னான், ஊரைச் சொன்னான், நின்னுட்டான். நெற்றியெல்லாம் வேர்வை. அந்தச் சாக்கடை மூடிக் கேள்வியை நானும் கேட்டேன். முழித்தான். சரி, போகலாம் என்றேன். எழுந்திருச்சவன், பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினான். தமிழில் பேசினான். "மேடம், பாவூர்சத்திரத்துல எங்க மாமாவோட காய்கறிக் கமிஷன் கடைக்குக் கணக்குப் போட நானே எழுதின புரோகிராம் மேடம். வீட்டுல கம்ப்யூட்டர் இல்ல. நோட்டுல எழுதிட்டுப் போய் பிரவுசிங் சென்டர்ல அடிச்சுப் பார்ப்பேன். ஒரு நிமிஷம் பாருங்க மேடம்" என்றான்.

"நேரம் இல்லப்பா, வெளியே ஆள் நிக்குது" என்றேன். 'தொடர்புத் திறன் போதாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

(சிறிது மௌனம்)

அன்னைக்கு வேறொரு பையனை எடுத்தோம். மடை திறந்த மாதிரிப் பேசினான். வேலையில் சேர்ந்து மூணு மாசம். ஒரு தப்பு வந்தா அது எந்த வரியில் இருக்குன்னு அவனால் கண்டுபிடிக்க முடியல. அவன் மேல குறையே இல்லைங்க. பிறகு வாடிக்கையாளர்களோடு பேசுகிற பிரிவுக்கு மாத்தினோம், பிரமாதமா வேலை பார்த்தான். பேச்சுக்குப் பரீட்சை வச்சோம், பேச்சாளன் கிடைச்சான். (சிரிப்பு) புரோகிராம் எழுதுறவனை நான் வாசலோடு அனுப்பிட்டேன். கமிஷன் கடைக் கணக்கு லேசுப்பட்ட கணக்கா? ஏலம், கழிவு, கூலி, பழைய பாக்கி எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. ஒரு காலேஜ் பையன் உட்கார்ந்து அதுக்குப் புரோகிராம் எழுதியிருக்கான். அதைவிட எனக்கு என்ன சான்றிதழ் வேணும்? அந்தப் பையன் இப்போ எங்கே இருக்கான்னு எனக்குத் தெரியாது. இந்தக் கூட்டத்துல இருந்தா, தம்பி, என்னை மன்னிச்சிரு. (கைதட்டல்)

இது என் ஒருத்தி அனுபவம். ஆராய்ச்சி என்ன சொல்லுது? ஷ்மிட், ஹன்டர் என்று இரண்டு அமெரிக்க அறிஞர்கள், எண்பத்தைந்து வருஷத்து ஆராய்ச்சிகளைத் திரட்டி 1998-இல் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். ஆள் எடுக்கும்போது நாம் போடுகிற மதிப்பு, பின்னால் அவர் பார்க்கிற வேலையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற கணக்கு. 1 என்றால் அச்சு அசலாக ஒத்துப்போகிறது. 0 என்றால் பூவா தலையா. எத்தனை வருஷம் படித்தார் என்பதற்கு 0.10. மனம்போன போக்கில் பேசும் நேர்காணலுக்கு 0.38. எல்லாரிடமும் ஒரே கேள்விகளை முறையாகக் கேட்டால் 0.51. வேலையைச் செய்து காட்டச் சொன்னால் 0.54. கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்கிற வித்தைக்கு 0.02. அதாவது குறத்திக்கும் கீழே! (சிரிப்பு)

நான் மறைக்க விரும்பவில்லை. 2022-இல் பால் சாக்கெட் என்ற பேராசிரியரும் அவர் கூட்டாளிகளும் அந்தக் கணக்கைத் திருத்திப் போட்டார்கள். பல எண்கள் இறங்கிவிட்டன. செய்து காட்டலுக்கு 0.33. முறையான நேர்காணலுக்கு 0.42.

நடுவர்: அப்போ உங்க அணி தோத்துப் போச்சே அம்மா! (சிரிப்பு)

இல்லை ஐயா! சகோதரி சொன்ன 'அஞ்சு நிமிஷப் பேச்சு' அந்தத் திருத்தத்தில் எங்கே போச்சு தெரியுமா? 0.19! (கைதட்டல்) 0.42 வாங்கினது வெறும் பேச்சு இல்லை. வேலையைப் பற்றிய கேள்விகளை முன்கூட்டியே எழுதி, எல்லாரிடமும் அதையே கேட்டு, ஒரே அளவில் மார்க் போடுகிற நேர்காணல். அந்த ஒழுங்கை எங்கள் அணி இரு கையாலும் வாங்கிக்கொள்கிறது. செய்து காட்டச் சொல்லுங்கள். செய்யும்போதே முறையாகக் கேள்வியும் கேளுங்கள். ரெண்டும் சேர்ந்தால்தான் முழுசு.

என்னத்தை வீசச் சொல்வது என்று கேட்டீர்களே ஐயா, இதோ. தென்காசியிலிருந்து மதுரைக்கு ஒரு பஸ். நாற்பது சீட்டு. சீட்டு ஒதுக்க ஒரு சின்னப் புரோகிராம் எழுது. ஒரு மணி நேரம். தமிழில் பேசலாம், இங்கிலீஷில் பேசலாம். நல்ல ஆள் முதலில் என்ன செய்வான்? எழுத மாட்டான், கேட்பான். "ஒரே சீட்டை ரெண்டு பேர் ஒரே நேரத்துல கேட்டா என்ன செய்யணும்? ஒருத்தர் ரத்து பண்ணினா காத்திருக்கிறவருக்குப் போகணுமா?" கேள்வி கேட்கிறான் பாருங்க, அங்கேயே பாதித் திறமை தெரிஞ்சு போச்சு. அவன் எழுதி முடிச்சதும், "சரி, இப்போ பெண்களுக்குப் பத்து சீட்டு ஒதுக்கணும்" என்று மாற்றுங்கள். நல்லாக் கட்டின வீடுன்னா ஒரு ஜன்னலை மாத்தினா போதும். மோசமா கட்டினதுன்னா சுவரே விழும். மூணாவது, வேறு யாரோ எழுதின புரோகிராமில் ரெண்டு தப்பை வைத்து, "கண்டுபிடி" என்று கொடுங்கள். ஏன்னா, எங்க வேலையில புதுசா எழுதுறதைவிட அடுத்தவன் எழுதினதைப் படிச்சுச் சரிபண்றதுதான் அதிகம்.

"இப்போ செயற்கை நுண்ணறிவு வந்தாச்சே, அதுவே எழுதித் தருதே, செய்து காட்டலுக்கு என்ன அர்த்தம்?" என்று எதிரணி ஐயா பொடி வைத்துக் கேட்டார். நல்ல கேள்வி. மிஷின் எழுதித் தந்ததையே அவன் கையில் கொடுங்கள் ஐயா! "இதுல எது சரி, எது தப்பு, ஏன்?" என்று கேளுங்கள். மனப்பாடம் பண்ணினவன் அங்கே மாட்டிக்குவான். புரிஞ்சவன் அங்கேதான் ஜொலிப்பான்.

எங்கள் பக்கத்துக் குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் நாலு நாள் வேலையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். கைக்குழந்தை வச்சிருக்கிற ஒரு தாய், ராத்திரி ஷிப்ட் பார்க்கிற ஒரு பையன், அதை எப்போ செய்வாங்க? அது பரீட்சை இல்லைங்க, கூலி கொடுக்காத வேலை! (கைதட்டல்) இன்னொன்று, நாலு பேர் முறைத்துப் பார்க்கப் பலகையில் எழுதச் சொல்வது. எனக்கே ஒரு தடவை தெரிந்ததெல்லாம் மறந்து கண் இருட்டிக்கிட்டு வந்தது. வீட்டில் நம்ம மருமகளைச் சமைக்கச் சொல்லிட்டு, மாமியார், நாத்தனார், பெரியம்மா மூணு பேரும் அடுப்பைச் சுத்தி நின்னா ரசம் எப்படி வரும்? (பலத்த சிரிப்பு) ஒரு கம்ப்யூட்டரும் ஒரு மணி நேரமும் ஒரு டம்ளர் தண்ணியும் கொடுத்துத் தனியா விடுங்க. அப்புறம் வந்து கேளுங்க.

இதெல்லாம் நடக்கிற கதையா என்று கேட்பவர்களுக்கு நான் தூர ஊர் சாட்சி கொண்டுவரத் தேவையில்லை. இந்த மேடையிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில் மத்தளம்பாறை. நாம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே வயலும் மாடும்தான். இன்றைக்கு ஸோஹோ என்ற மென்பொருள் கம்பெனி இருக்கிறது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-இல் ஸோஹோ என்று பெயர் மாறியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் டாக்டர் பட்டமும் வாங்கியவர். அப்படிப் பட்டம் வாங்கியவர்தான், தன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களின் மார்க்கையும் அவர்கள் வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிதாக ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று சொன்னார். 2004-05 வாக்கில் கம்பெனிக்குள்ளேயே ஒரு பள்ளி தொடங்கினார்கள். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளை எடுத்தார்கள். கட்டணம் இல்லை, மாதாமாதம் உதவித்தொகை. கணக்கு, புரோகிராம், அதோடு ஆங்கிலம். கவனியுங்கள், அங்கே ஆங்கிலம் உள்ளே போன பிறகு சொல்லித் தருகிற பாடம். 2011-இல் தென்காசியில் அலுவலகம் வந்தது. ஸோஹோ டெஸ்க் என்று உலகம் முழுக்க விற்கிற ஒரு மென்பொருள் இந்தத் தென்காசி மண்ணில் உருவானது. (பலத்த கைதட்டல்) எல்லாக் கம்பெனியும் இப்படிப் பள்ளி நடத்த முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தால் கிராமத்துப் பிள்ளையும் தேறும் என்பது நிரூபணம் ஆகிவிட்டதே!

முடிக்கிறேன் ஐயா. இந்தக் குற்றாலத்தில்தான் ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்தார். 1954-இல் மறைந்தார். அவர் பாட்டை எப்படி மதிப்பிடுவார்? யார் பாடியது, எந்தச் சபையில் பரிசு வாங்கியது என்று கேட்க மாட்டார். பாட்டைப் பாடிப் பார்ப்பார். உள்ளம் துள்ளுகிறதா என்று பார்ப்பார். கம்பன் பெயரில் இருக்கிறது என்பதற்காகவே ஒரு பாட்டை ஏற்றுக்கொள்ள மறுத்தவர். அவர் தள்ளியதெல்லாம் சரியா என்பது வேறொரு பட்டிமன்றம். அதற்கு நடுவர் ஐயா அடுத்த சாரலுக்கு வரட்டும். (சிரிப்பு) ஆனால் பெயரை விட்டுவிட்டுப் பொருளைப் பார் என்ற அந்தத் துணிச்சல் குற்றாலத்துச் சொத்து.

இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்க பிள்ளை மார்க் வாங்கட்டும், வேண்டாம்னு சொல்லல. அதோட சின்னதா ஏதாவது ஒண்ணைத் தானே செய்யட்டும். பால் கணக்குக்கு ஒண்ணு, சங்கக் கணக்குக்கு ஒண்ணு, பள்ளிக்கூட நூலகத்துக்கு ஒண்ணு. அதைக் கையில் எடுத்துக்கிட்டுப் போகட்டும். ஆள் எடுக்கிற அண்ணன்மார், அக்காமார் யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. எதிரே இருக்கிற பிள்ளை ஒரு நோட்டை நீட்டினா, வெளியே எத்தனை பேர் நின்னாலும் சரி, வாங்கித் திறந்து பாருங்க. நான் பார்க்கல. பதினஞ்சு வருஷத்துக்கு மேலே ஆயிடுச்சு. அந்த நோட்டு அட்டையோட நிறம்கூட இன்னும் என் கண்ணை விட்டுப் போகல.

எனவே நடுவர் அவர்களே, மென்பொருள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது திறமையைக் காட்டுவது செய்து காட்டும் வேலையே, வேலையே என்று தீர்ப்பளிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

(பலத்த கைதட்டல்)